திங்கட்கிழமைப் பக்கம்

டைரி அண்ணனை வாதத்தில் ஜெயித்தவர் எவரும் இல்லை. மோதிப் பார்த்தவர்கள் எல்லாம் பாதியிலேயே வாயடைத்துத் திரும்பினார்கள். இத்தனைக்கும் அவர் குரல் சன்னமானது, ஆளும் ஒல்லிதான். அவருடைய பலமெல்லாம் சட்டைப்பையில் இருந்த கறுப்பு அட்டை போட்ட டைரியில்தான் இருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருடமாக அதே வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்றைக்கு நின்றது, ஏன் நின்றது, உள்ளே எத்தனை பேர் மாட்டியிருந்தார்கள், அதில் யார் அழுதார்கள், யார் அவரையே திட்டினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார். வருடத்துக்கு ஒரு டைரி. வேலை முடிந்த கையோடு, அதாவது கை கழுவுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். "கையைக் கழுவினா பாதி விஷயம் தண்ணியோட போயிடும்" என்பார். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் கறையாகப் பதிந்திருக்கும். அந்தக் கறை இருந்தால் அது அன்றைக்கே, அங்கேயே எழுதியது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு கட்டடத்துச் செயலாளர், "போன வருஷம் நீங்க கயிறு மாத்தவே இல்லையே" என்று ஆரம்பித்தால், இவர் பதில் பேசமாட்டார். டைரியைப் புரட்டுவார். பக்கத்தை எதிராளியின் மூக்குக்கு நேரே பிடிப்பார். அவ்வளவுதான், செயலாளருக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

டைரி அண்ணனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுக்கும்போது, ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவை கூட நான் உள்ள மாட்டினதில்லைங்க" என்று சொல்வார். அரை மணி நேரம் வியர்த்து நனைந்தவர்களுக்கு அது எப்படி ஆறுதலாகும் என்று அவர் யோசித்ததே இல்லை. மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட இதைத்தான் முதலில் சொன்னார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு ஊசியால் சோதனை வந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. நாள் நிறையவில்லை, ஏழு மாதத்தில் அவசரப்பட்டு வந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோ கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரமாக வளர்ந்துகொண்டிருந்தாள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மகள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில், சனி ஞாயிறு மட்டும் வருவார். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்பதால் மூன்று மாதம் குழந்தையோடு அப்பா வீட்டிலேயே இருப்பது என்று ஏற்பாடு.

டைரி அண்ணன் பேத்தியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு முறை பார்த்திருந்தார். இரண்டாவது முறை அவள் கொட்டாவி விட்டாள். அதைப் பற்றி அவர் நான்கு கட்டடங்களில் பேசினார்.

இன்னும் பதினாறு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, நர்ஸம்மா மகள் கையில் ஒரு தாள் கொடுத்தார். குழந்தையைத் தூக்குகிறவர்கள், அதே வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் இந்த வருடத்து ஃப்ளூ ஊசி போட்டிருக்க வேண்டும். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் அதற்குப் பலம் வரும். போன வருடம் போட்டது கணக்கில் வராது, கிருமி வருடத்துக்கு வருடம் வேஷம் மாற்றிக்கொண்டு வரும் என்று வாயாலும் விளக்கியிருந்தார். மகள் பிரசவத்துக்கு முன்பே போட்டிருந்தாள். மாப்பிள்ளை போட்டாயிற்று. டைரி அண்ணனின் மனைவி தாளைப் படித்த அன்று மதியமே போய்ப் போட்டுக்கொண்டு, வரும் வழியில் பாப்பாவுக்குத் தொப்பி தைக்க மெல்லிய துணியும் வாங்கி வந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"பார்க்கலாம்" என்றார் முதல் நாள். மறுநாள் சாயங்காலம் மகள் மறுபடி கேட்டாள். கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கடையில் விற்கிற தொப்பி எதுவும் அந்தத் தலைக்குச் சேரவில்லை என்பதால், ஒரு ஆரஞ்சுப் பழத்தை அளவுக்கு வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்குப் போட்டாத்தான் ரெண்டு வாரம் சரியா வரும்."

"எனக்கு அந்த ஊசி ஒத்துக்காதுடா. தெரியாத மாதிரி கேக்கறியே."

"அது எப்பவோ நடந்தது."

"பதினோரு வருஷம் முன்னாடி. கம்பெனியில கேம்ப் வச்சுப் போட்டாங்க. நல்லாப் போனேன், நல்லாத் திரும்பினேன். மறுநாளே படுத்தேன், ஆறு நாள் எழுந்திருக்கல. உன் பள்ளிக்கூட நாடகம் அந்த வாரம்தான். நீ மேடையில ராணியா நின்னே. நான் வீட்ல கம்பளியைப் போத்திக்கிட்டு நடுங்கிட்டு இருந்தேன். அந்த ஊசியை நான் மன்னிக்கவே மாட்டேன்."

இதில் நடிப்பு இல்லை. அந்த நாடகத்தைப் பார்க்காமல் போனது பதினோரு வருடமாக அவருக்குள் இருந்த வருத்தம்.

மனைவி மெஷினை நிறுத்தாமலே, "ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும்னு சண்டை போடறீங்க. உங்களுக்கு மட்டும் வேண்டாமா?" என்றாள்.

"லிஃப்டுக்கு சர்வீஸ் பண்ணினா அதுக்குக் காய்ச்சல் வராதும்மா."

அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்த ரவுண்டு அவருக்குத்தான்.

"ஊசியாலதான் காய்ச்சல் வந்ததுன்னு எப்படிப்பா சொல்றீங்க?" என்றாள் மகள். "கை வலிக்கும், ஒரு நாள் உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கும், அவ்வளவுதான்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஆறு நாள் படுக்கப் போடாதாம்."

"நர்ஸம்மா அன்னைக்கு நம்ம வீட்ல இருந்தாங்களா? நான் இருந்தேன். என் டைரி இருந்தது."

சொன்னதோடு விட்டிருக்கலாம். ஆனால் கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. எழுந்து உள்ளறைக்குப் போனார். அலமாரியின் மேல்தட்டில் இருபத்தேழு டைரிகள் முதுகைக் காட்டி நின்றன. பதினோரு வருடத்துக்கு முந்தையதை உருவி, தூசியைத் தட்டி, கூடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீதிபதி வந்துவிட்டார் என்பது போலத் தொண்டையைச் செருமினார்.

"வியாழக்கிழமை" என்று வாசித்தார். "காய்ச்சல் நூத்தி ரெண்டு. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. வேலைக்குப் போகலை. கேட்டுச்சா?"

வியாழக்கிழமைப் பக்கத்தில் கிரீஸ் கறை இல்லை. படுக்கையில் எழுதியது. எதிர்ப்பக்கம் புதன்கிழமை. அங்கே அவருடைய கட்டைவிரல் தெளிவாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, இப்படி இருந்தது: காலை எழுந்ததிலிருந்து தொண்டை கரகர. தலை பாரம். பதினோரு மணிக்குக் கேம்பில் ஊசி.

அவர் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். எழுத்து மாறவில்லை.

"புதன்கிழமை என்னப்பா எழுதியிருக்கீங்க?"

"ஊசி" என்றார். "பதினோரு மணிக்கு."

முதல் வரியை விட்டுவிட்டார். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி குனிந்து நூல் கோத்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

மகள் நர்ஸம்மா கொடுத்த தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாதாடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். வாதாடியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சரிப்பா" என்றாள். "டைரியில இருந்தா சரிதான். உங்க டைரி தப்பாச் சொல்லி நான் பார்த்ததில்ல. உங்களுக்கு ஒத்துக்கலன்னா நான் எப்படிக் கட்டாயப்படுத்தறது?"

"அதான் நானும் சொல்றேன்."

"ஆனா நீங்க தினமும் பத்துக் கட்டடம் ஏறி இறங்கறீங்க. அந்த லிஃப்டுப் பெட்டிக்குள்ள யார் யாரோ தும்மிட்டுப் போறாங்க. அவளுக்கு நுரையீரல் இன்னும் சரியா வளரலப்பா. எனக்கு ராத்திரி கண்ணை மூடினா அவ மூச்சு விடறாளான்னுதான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு." அவள் தாளை நான்காக மடித்தாள். "மூணு மாசம் அவரோட அக்கா வீட்ல இருந்துக்கறேன். அவங்க வீட்ல எல்லாரும் போட்டாச்சாம். கோவமெல்லாம் இல்லப்பா. நிஜமாத்தான் சொல்றேன்."

அவள் கோபப்படவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அதுதான் அவரைப் போட்டுப் பிசைந்தது. இந்தப் பெண் அவர் டைரியை நம்பி, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகத் தயாராகிறாள். அந்த டைரியோ அவர் மடியில் கிடந்து வேறு கதை சொல்கிறது.

"இரு, வரேன்" என்று டைரியோடு உள்ளறைக்குப் போனார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். புதன்கிழமை காலையிலேயே தொண்டை கெட்டிருந்தால், அது எங்கிருந்து வந்தது? ஒரு லிஃப்ட் நின்றால் நின்ற மாடியைப் பார்த்துப் புண்ணியமில்லை, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இது அவருக்குத் தொழில். பக்கத்தைப் பின்னால் திருப்பினார். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைக்கு விரல் போனது, நின்றது.

அந்தப் பக்கத்தை அவர் பதினோரு வருடமாகத் திறந்ததில்லை. என்ன இருக்கிறது என்று தெரியும். தெரியும் என்பதால்தான் திறக்கவில்லை. அந்த வெட்கத்தை ஒரு பெட்டியிலும், அந்தக் காய்ச்சலை வேறொரு பெட்டியிலும் போட்டு மூடிவைத்திருந்தார். இரண்டும் ஒரே வாரத்தைச் சேர்ந்தவை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

இதை யாருக்கும் சொல்லாமல் மூடிவிடலாம். நாளைக்குக் காலையில் சத்தமில்லாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து, "உனக்காகத்தான் போட்டுக்கிட்டேன்" என்று மகளிடம் சொன்னால், நல்ல அப்பா என்ற பெயரும் மிஞ்சும், டைரியின் மானமும் மிஞ்சும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வருடம் இதே மாதத்தில் மறுபடி இதே பேச்சு வரும். அதற்கடுத்த வருடமும் வரும். ஒவ்வொரு தடவையும் மகள் அவர் பொய்யை உண்மை என்று நம்பி, அவர் தியாகம் செய்வதாக நினைத்து உருகுவாள். அதை நினைத்ததும் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பி வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"நான் முழுசா வாசிக்கல" என்றார். "இப்ப வாசிக்கறேன். நடுவுல யாரும் சிரிக்கக் கூடாது."

தையல் மெஷின் நின்றது.

"திங்கட்கிழமை. ஆறு மாடிக் கட்டடம். மூணாவது மாடிகிட்ட லிஃப்ட் குலுங்குதுன்னு புகார். என்னோட வர வேண்டிய ஆள் லீவு. தனியாப் போனேன். தனியா உள்ள ஏறக் கூடாதுன்னு தெரிஞ்சே ஏறினேன். கதவு திறக்கற முக்கோணச் சாவியும் போனும் மேல மெஷின் ரூம்ல ஆணியில மாட்டியிருந்தது."

மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நாலாவது மாடியில குடியிருக்கற பெரியவர் ஒருத்தர், ஓடாதுன்னு பலகை வச்சிருந்தும், மூணு மாடி படியேறி வந்துட்டு, இன்னும் ஒரு மாடிதானேன்னு கூடவே ஏறினார். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுடுச்சு. நாப்பது நிமிஷம் உள்ள மாட்டினோம்." இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பெரியவருக்குப் பலத்த ஜலதோஷம். நாப்பது நிமிஷமும் என் முகத்துக்கு நேரா இருமினார். காய்ச்சல்னு டாக்டர்கிட்டப் போயிட்டுத் திரும்பி வந்துட்டிருந்தாராம். வாட்ச்மேன் சாப்பிட்டுட்டு வந்து சாவியை எடுத்துத் திறந்தார். வெளிய சொல்லாதீங்கன்னு வாட்ச்மேன்கிட்டக் கேட்டுக்கிட்டேன்."

பக்கத்தைத் திருப்பினார். "புதன்கிழமை. காலை எழுந்ததிலிருந்து தொண்டை கரகர. தலை பாரம். அதுக்கப்புறம்தான் பதினோரு மணிக்கு ஊசி."

டைரியை மூடினார்.

"காய்ச்சல் எனக்கு ஊசியில வரலை. லிஃப்டுல வந்தது. உன் நாடகத்தை நான் பார்க்க முடியாமப் போனதுக்குக் காரணம் அந்த ஊசி இல்ல. சாவியை ஆணியில மாட்டிட்டுத் தனியா ஏறின நான்தான். பதினோரு வருஷமா வேற ஆள் மேல பழி போட்டிருக்கேன்."

மனைவியின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"நான் அதுக்குச் சிரிக்கலைங்க. நீங்க மாட்டின விஷயம் எனக்கு அப்பவே தெரியும். வாட்ச்மேன் சம்சாரம் என்கிட்டத்தானே ஜாக்கெட் தைக்கக் குடுப்பா. என்னைக்குன்னுதான் அவ சொல்லல." ஆரஞ்சுப் பழத்தின் தலையில் தொப்பியைப் போட்டு அழகு பார்த்தாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கல்யாணத்துல சம்பந்திகிட்ட மார் தட்டினப்பகூட வாயைத் திறக்கலையே நான்."

டைரி அண்ணன் தலையைச் சொறிந்தார். மகள் எழுந்து வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நின்றார். நர்ஸம்மா படிவத்தை வைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி போட்டப்ப ஏதாவது தொந்தரவு இருந்ததா?" என்று கேட்டார்.

"கை ரெண்டு நாள் வலிச்சது. மத்தது எல்லாம் என் தப்பு. ஊசி மேல ஒண்ணும் இல்ல."

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். இப்படிச் சாட்சி சொல்கிறவரை அவர் பார்த்ததில்லை. "இன்னைக்கு ஜலதோஷம், காய்ச்சல் ஏதாவது?"

"இல்ல. மூணு நாளா யாரும் என் பக்கத்துல தும்மவும் இல்ல. எழுதி வச்சிருக்கேன், பார்க்கறீங்களா?"

"வேண்டாம், நம்பறேன். ஆனா ஒண்ணு. இதைப் போட்டா ஃப்ளூ வரவே வராதுன்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். வர வாய்ப்பு குறையும், வந்தாலும் வேகம் குறையும். கை கழுவறதெல்லாம் விட்டுடக் கூடாது."

"லிஃப்ட் நிக்கவே நிக்காதுன்னு நானும் யாருக்கும் எழுதிக் குடுத்ததில்லம்மா" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். இந்தப் பதில் அவருக்கே பிடித்திருந்தது. ஊசி இறங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பஞ்சை அழுத்திக்கொண்டே ஒற்றைக் கையால் டைரியைத் திறந்து எழுதினார். அன்று மதியம் ஒரு கட்டடத்தில் மூன்று பேரை வெளியே எடுத்தார். வழக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. "நானும் ஒரு தடவை மாட்டியிருக்கேங்க, நாப்பது நிமிஷம்" என்றார். அவர்கள் மூன்று பேருக்கும் உடனே முகம் தெளிந்தது. இருபத்தேழு வருடம் தவறான ஆறுதலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை இரண்டு நாள் வலித்தது. அதையும் எழுதினார்.

பதினைந்தாவது நாள் பேத்தி வீட்டுக்கு வந்தாள். எடை இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது. தொப்பி கச்சிதமாக இருந்தது. டைரி அண்ணன் அன்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். வந்தவர் காலை வேலையைக்கூட டைரியில் எழுதாமல் நேராகக் குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்து, கழுவி, மறுபடியும் கழுவினார். இருபத்தேழு வருடத்து கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன. மனைவி வந்து, "தோல் உரிஞ்சிடும், போதும் வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

மகள் குழந்தையை அவர் கையில் வைத்தாள். தயங்காமல் வைத்தாள். அவருக்கு அதுதான் முதலில் தெரிந்தது. பிறகுதான் குழந்தையின் கனம் தெரிந்தது. கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய கருவிப் பையில் இருக்கிற பெரிய ஸ்பானர் இதைவிடக் கனக்கும். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது. அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

சாயங்காலம் டைரியை எடுத்து எழுத உட்கார்ந்தார். நேரம், எடை, எந்தக் கண் முதலில் திறந்தது, எல்லாம் எழுதினார். ஒன்றும் மறந்திருக்கவில்லை. எழுதி முடித்துப் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். வேலைக்குப் போய் வந்த நாள் ஒன்றின் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் கறை இல்லாமல் இருந்தது அதுதான் முதல் முறை.